பிள்ளைச் செலவுப் பாக்கி: கனடாவில் எந்த நாளிலிருந்து கணக்கு?

தம்பதி பிரிந்த பிறகு, பிள்ளைக்குப் பணம் கட்டுபவரின் சம்பளம் ஏறும். பிள்ளைக்கு வரும் பணம் மட்டும் பழைய தொகையிலேயே நிற்கும். விடுபட்டதைப் பின்தேதியிட்டுக் கேட்கலாம். எவ்வளவு பின்னால் போகலாம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கனடா உச்ச நீதிமன்றம் 2006-ல் டி.பி.எஸ். வழக்கில் வகுத்து, 2021-ல் கொலூச்சி வழக்கில் சீர்செய்த வழி இது: "தொகையைக் கூட்டுங்கள்" என்று பேச்செடுத்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும், பொதுவாக, முறையான அறிவிப்புக்கு (நீதிமன்றத்தில் மனு போட்டுத் தெரிவிப்பது போன்றது) மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் போகாது. போனில் பேசியதற்கு ஏது சாட்சி? இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வருமான உயர்வை மறைத்தவருக்கு இந்த வரம்பு பெரும்பாலும் உதவாது. வருமானம் ஏறிய நாளுக்கே கணக்கு போய்விடும்.

நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தால், பிள்ளைச் செலவுக்கான கூட்டாட்சி வழிகாட்டு விதிகளின் 25-ஆம் பிரிவுப்படி ஆண்டுக்கு ஒருமுறை வருமான விவரத்தை எழுத்தில் கேட்கலாம். கடந்த மூன்று ஆண்டு வரி ரிட்டர்ன், அதைப் பார்த்து வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டு அறிவிப்பு இரண்டையும் கேளுங்கள். கனடாவில் இருப்பவருக்கு 30 நாள் கெடு.

வந்ததும் ரிட்டர்னில் 15000 என்று எண்ணிட்ட வரிசையைப் பாருங்கள். அதுதான் மொத்த வருமானம், கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். கைக்கு வரும் சம்பளத்தை வைத்துப் போட்டால் தொகை குறைந்துவிடும். சொந்தத் தொழில்காரரிடம் அந்த வரிசையை மட்டும் நம்பக் கூடாது: கார், போன், வீட்டு வாடகை எல்லாம் தொழில் செலவாகக் கழிந்திருக்கும். நியாயமில்லாத கழிவை நீதிமன்றம் திரும்பச் சேர்க்கும். பாக்கியை ஆண்டுவாரியாக, அந்தந்த ஆண்டு வருமானத்துக்குத் தனித்தனியாகப் போடுங்கள்.