பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த்தை அளந்து பாருங்கள்

பைக்கின் செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சின்) 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு என்ஜின் சுழலாமல் நின்றால், பேட்டரி போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரால் சில நிமிடங்களில் உறுதி செய்யக்கூடிய ஒன்றை ஊகத்துக்கு விடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டு 150 சிசி வண்டி இப்படித்தான் நின்றது. ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, ஹார்னும் ஒலித்தது. ஓய்வில் எடுக்கும் அளவை மட்டும் நம்பக்கூடாது என்பதால், செல்ஃப் பொத்தானை அழுத்தியபடியே பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி நலிந்திருந்தால் அந்த நேரத்தில் அளவு 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்துவிடும். இங்கே அது 12 வோல்ட்டை ஒட்டியே நின்றது. அப்படியென்றால் பேட்டரியிடம் மின்சாரம் இருக்கிறது, போகும் வழியில்தான் தடை இருக்கிறது என்று பொருள். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை என்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்தியபோது, அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக்கூடாத இடத்தில் பல வோல்ட் காட்டியது. பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு இணைக்கும் எர்த் ஒயர், என்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், அதன் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவியதும் என்ஜின் உடனே இயங்கியது.

ஹார்ன் ஒலிக்கும்போது செல்ஃப் மட்டும் ஏன் இயங்கவில்லை என்பதற்கு எளிய கணக்கே போதும். 0.1 ஓம் தடையின் வழியே ஹார்னுக்கு 2 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 0.2 வோல்ட், செல்ஃப் மோட்டாருக்கு 40 ஆம்பியர் பாய்ந்தால் அதே இடத்தில் 4 வோல்ட் போய்விடும். தடை அதைவிடக் கூடினால் மோட்டார் அசையவே அசையாது. (இப்படிப்பட்ட போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைத்தான் முதலில் எடுக்க வேண்டும், பாசிட்டிவை முதலில் தளர்த்தும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும்.)

'டக்' ஒலியும் வராவிட்டால் ஃப்யூஸ், என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எரிந்த ஃப்யூஸுக்குப் பதிலாக வெறும் கம்பியைச் சுற்றி ஓட்டுபவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்த ஷார்ட்டில் கருகப்போவது மொத்த ஒயரிங்தான். பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி வரும் இன்றைய வண்டிகள் பலவற்றில் கிக்கரே இல்லாததாலும், பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் பேட்டரியையே நம்பியிருப்பதாலும், இந்தச் சிறு இணைப்புகளுக்கு முன்பைவிடக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வண்டி இயங்கத் தொடங்கிய பிறகும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கிப் பிடித்தால் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அது வராத வண்டியில் எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அங்கே முதலில் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் பழுப்பாக வெந்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்திருந்தால் அதைத் துடைத்து மீண்டும் மாட்டாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.