கடல் நத்தைகளை டிஎன்ஏ வைத்துப் பிரித்தறிதல்: ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு

முதுநிலை ஆய்வுக்குக் கடல் நத்தையை எடுத்துக்கொண்டவர்கள் முதலில் கேட்பது, "டிஎன்ஏ பிரித்தெடுக்க எந்த கிட் நல்லது?" என்பதுதான். இதே வேலையைச் செய்து முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் நத்தையின் குஞ்சு எப்படிப் பிறக்கிறது என்பதை.

லிட்டோரினா லிட்டோரியா என்ற கடல் நத்தை முட்டைகளைக் கடலில் விடும். லார்வாக்கள் வாரக்கணக்கில் மிதந்து போகும். அதனால் தொலைவில் இருக்கும் கூட்டங்கள்கூட (ஓரிடத்தில் வாழ்ந்து தங்களுக்குள் இனம்பெருக்கும் தொகுதிகள்) மரபணு அளவில் ஒன்றுபோலத் தெரியலாம். அதன் நெருங்கிய உறவான லிட்டோரினா சாக்ஸாடிலிஸ் குஞ்சுகளை உடலுக்குள்ளேயே வளர்த்து, ஓட்டோடு வெளியே விடும். குஞ்சுகள் பிறந்த பாறையை விட்டு அதிகம் நகராது. இப்படிப்பட்ட நத்தையை ஒரே பாறைப் பிளவிலிருந்து அள்ளினால் கையில் கிடைப்பது ஒரு குடும்பம்தான், கூட்டம் அல்ல. கரையோரமாக இடைவெளி விட்டுப் பொறுக்குங்கள்.

ஓட்டை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள். நண்டு இருக்கும் நீரில் வளர்ந்தாலே நியூசெல்லா நத்தைகள் ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும்.

அடுத்தது ஆய்வக வேலை. நத்தையை அப்படியே எத்தனாலில் போட்டால் அது மூடியை இறுக்கிக்கொள்ளும், உள்ளே எத்தனால் போகாது, தசை கெட்டுவிடும். ஓட்டை உடைத்தோ உடலை வெளியே எடுத்தோ 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். பாதத்தசையில் சின்னத் துண்டு போதும். குடல் பக்கம் போனால் அது தின்ற உணவின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும்.

உண்மையான எதிரி சளி. அதிலுள்ள பாலிசாக்கரைடுகள் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டே வந்து பிசிஆரை, அதாவது டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் வினையை, தடுக்கும். அளவு பார்த்தால் டிஎன்ஏ நிறைய இருக்கும், பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பட்டை மட்டும் ஜெல்லில் வராது. அப்போது கூடுதலாக டிஎன்ஏ ஊற்றத் தோன்றும். செய்ய வேண்டியது நேர் எதிர். பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்து மறுபடி போடுங்கள், பல நேரம் அதிலேயே வந்துவிடும். மாசு இருப்பதைக் காட்டும் 260/230 விகிதம் (அந்த இரண்டு அலைநீள ஒளிகளை டிஎன்ஏ கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 2-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் சிடேப் (CTAB) என்ற வேதிப்பொருளால் பாலிசாக்கரைடுகளை விலக்கும் பிரித்தெடுப்பு முறைக்கு மாறுவது நல்லது.

இனங்களை அடையாளம் காணப் பரவலாகப் பயன்படும், மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ (COI) மரபணுவில் தொடங்குவது சரிதான். 1994-ல் வந்த ஃபோல்மர் பிரைமர்கள் (பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இன்னும் பயன்படுகின்றன, சுமார் 658 காரங்கள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள், கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. சாக்ஸாடிலிஸும் முட்டையிடும் லிட்டோரினா அர்கானாவும் தனி இனங்கள். இருந்தும் மைட்டோகாண்ட்ரிய வகைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. சிஓஐ ஒற்றை மரபணு, அதுவும் தாய்வழி மட்டுமே வருவது, பாதிக் கதையைத்தான் சொல்லும். சாக்ஸாடிலிஸிலேயே நண்டுப் பகுதியில் வாழும் தடித்த ஓட்டு வகையும், அலையடிக்கும் பாறையில் வாழும் சிறிய, மெல்லிய ஓட்டு வகையும் சில மீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. அவற்றின் வேறுபாட்டில் பெரும்பங்கு குரோமோசோம்களின் தலைகீழான துண்டுகளில் இருக்கிறது. அதை சிஓஐ காட்டாது. மைக்ரோசாட்டிலைட்டோ (திரும்பத் திரும்ப வரும் சிறு டிஎன்ஏ துணுக்குகள்), வசதி இருந்தால் மரபணுத்தொகை முழுவதும் பரவிய எஸ்என்பிகளோ (ஒற்றை எழுத்து வேறுபாடுகள்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாய்மொழித் தேர்வு. கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டை அளக்கும் எஃப்எஸ்டி (FST) மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் "இரண்டும் ஒரே கூட்டம்" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இன்னும் கலந்துகொண்டிருக்கலாம், அண்மையில் பிரிந்து, வேறுபாடு சேர நேரம் போதாமலும் இருக்கலாம். தூரம் கூடக் கூட வேறுபாடும் கூடுகிறதா என்று ஒரு வரைபடம் போட்டு ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள், இந்தக் கேள்வி வரும்போது அதைக் காட்டிப் பேசலாம்.