பழைய மைவி வாங்கப் போகிறீர்களா? மீட்டரை விடுங்கள், ரப்பரைப் பாருங்கள்

கோலாலம்பூரில் கைக்கு அடக்கமான விலையில் சின்னக் காடி தேடினால் முதலில் கண்ணில் படுவது 2005 முதல் 2011 வரை வந்த முதல் தலைமுறை பெரோடுவா மைவிதான். பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" மீட்டரைத் திருப்பி வைப்பது பெரிய வித்தையில்லை. எண் உண்மையாகவே இருந்தாலும் எல்டிபி (டாமன்சாரா-பூச்சோங்) நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்த காடிக்கு மீட்டரில் ஏறுவது கொஞ்சம்தான். எஞ்சினோ முழு மணி நேரமும் சூட்டில் ஓடியிருக்கிறது. இந்த வயது மைவியில் காசைத் தின்பது பெரும்பாலும் எஞ்சினின் இரும்பு அல்ல, வெந்துபோன ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான்.

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். 1.3 லிட்டர் கே3-விஇ எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் செயின். செயின் என்றால் கவலையில்லை என்பது பாதி உண்மை. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. எண்ணெய் மாற்றாமல் இழுத்தடித்த காடியில், குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் சில விநாடி 'கரகர' என்று செயின் சத்தம் கேட்கும். முடுக்கும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங். அந்தக் காடி வேண்டாம். இந்த எஞ்சின் குடிப்பது ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெய். 4 லிட்டர் டின் வாங்கினால் முழுதும் கவிழ்க்காதீர்கள், டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றுங்கள்.

இதே விலையில் புரோட்டோன் சாகா பிஎல்எம் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: அதன் கேம்ப்ரோ எஞ்சினில் டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வு வளையும். மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது குளிரூட்டும் பகுதி. ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடேறி, கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகும். பிறகு விரிசல் விடும். எஞ்சின் நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் கூலன்ட். துருநிறத் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீரிலேயே காலம் ஓட்டியிருக்கிறார்கள், வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அரித்திருக்கும். சில பட்டறைகளில் ஓவர்ஹீட்டுக்கு வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். அது வைத்தியமில்லை, வாயை அடைப்பது.

இன்னொரு அறிகுறி ஏர்கோனில் தெரியும். ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிவப்பு விளக்கில் நின்றதும் வெதுவெதுப்பானால் கேஸ் ஊற்ற ஓடாதீர்கள். முதலில் ரேடியேட்டர் விசிறியின் மோட்டாரைப் பாருங்கள். உள்ளே பிரஷ் தேய்ந்து மெதுவாகச் சுற்றும். ஓடும்போது எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்துவிடுவதால் கோளாறு மறைந்திருக்கும். இதை விட்டுவைத்தால் அடுத்து சூடாவது எஞ்சின். எஞ்சினின் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்தால் கேஸ்கட், ஹெட் சீவும் கூலி எல்லாம் சேர்ந்து, சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டும்.

ஆட்டோ கியரைச் சோதிக்க, பிரேக்கை மிதித்தபடி ஆர், பிறகு டி போடுங்கள். உடனே பிடிக்க வேண்டும். இரண்டு விநாடி யோசித்துப் பிடித்தாலோ இடித்துப் பிடித்தாலோ சந்தேகம்தான். ஆனால் டி-யில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை நடுங்கி, என்-க்கு மாற்றியதும் அடங்கினால் பெரும்பாலும் அது எஞ்சின் மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸ் இல்லை. விற்பவருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் விலையைக் குறைப்பதும் உண்டு! கியர் எண்ணெயை வடித்தால் ஒரு பகுதிதான் வெளியே வரும், மீதி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். நெடுநாள் மாற்றாத கியர்பாக்ஸ் என்றால் இயந்திரம் வைத்து ஒரேயடியாக ஃப்ளஷ் செய்வதைவிட, சில ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவது என் விருப்பம்.

சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஹம்ப் ஏறும்போது 'டொக் டொக்' என்றால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்கள்: ஸ்டெபிலைசர் லிங்க், லோவர் ஆர்ம் புஷ், அப்சோர்பர் மவுண்டிங். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்த நேரத்திலேயே பிடித்தால் உறையும் கிரீஸும் போதும். வேகம் கூடக்கூட 'ஊம்' என்று ஏறினால் வீல் பேரிங், அல்லது மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர். அப்சோர்பரை எப்போதும் இடம்-வலம் ஜோடியாக மாற்றுங்கள், மாற்றியதும் அலைன்மென்ட்.

மைவியின் பெரிய வசதி, சாமான் எங்கும் கிடைக்கும். ஜாலான் சான் சோவ் லின், சிகாம்புட் பக்கம் விசாரித்தால் அசல், அசல் அல்லாதது, ஹாஃப் கட் (பாதியாக வெட்டி வரும் பழைய காடியின் சாமான்) என்று மூன்று விலை சொல்வார்கள். ஹாஃப் கட்டில் கியர்பாக்ஸ் வாங்கலாம். ரப்பர் சாமானை மட்டும் வாங்காதீர்கள், அதுவும் அதே வயதுதான். டயர் 175/65 ஆர்14, பேட்டரி என்எஸ்40இசட்எல். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23ஆம் வாரம்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் மூழ்கிய காடிகளும் சந்தைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கேதான் மிஞ்சும். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறியிருக்கிறது என்பதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். அது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை. கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது.

தீபகற்பத்தில் சாலை வரி 1.0 லிட்டர் எஞ்சினுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3-க்கு 70. காப்புறுதியில் என்சிடி (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் கழிவு) காடியோடு வருவதில்லை, ஆளோடு போவது. விற்பவருக்கு 55 விழுக்காடு இருந்தாலும் புதிதாக எடுக்கும் உங்களுக்குப் பூஜ்யத்தில்தான் தொடங்கும். அவர் காட்டும் பழைய பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கண்ணாடிக்கும் வெள்ளத்துக்கும் தனியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.