ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்வா, இந்தப் பக்கம் மந்தி

நேற்றுக் காலையில்தான் எழும்பூரில் வந்து இறங்கினேன். பையில் அல்வா வாசனை இன்னும் போகவில்லை. அந்த மந்திக்கு, அதாவது சோறும் கோழியுமாக வரும் அரபுச் சாப்பாட்டுக்கு, கொடுத்த காசை நினைத்தால் வரும் எரிச்சலும் போகவில்லை. இரண்டும் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக எழுதத்தான் ஆசை. நடக்குமா தெரியவில்லை.

போனது திருநெல்வேலிக்கு. சித்தி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். சித்திக்குத் தென்காசி. அங்கே ஜவுளிக்கடை இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் கல்யாணப் பட்டு மட்டும் நெல்லையில் எடுத்தால்தான் எடுத்த மாதிரி. 2019-ல் தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஜவுளி விஷயத்தில் மட்டும் அந்தப் பிரிவினையை யாரும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்குப் பட்டில் ஒரு வேலையும் கிடையாது, பை தூக்கத்தான் கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் படித்தவன் என்பதால், ஊர் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கலாமே என்று கிளம்பினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் என் செலவுக்கு என்று ஒதுக்கியது 4,000 ரூபாய்.

வந்தே பாரத் 2023-லிருந்து ஓடுகிறது. மத்தியானம் ஏறினால் ராத்திரியே நெல்லை. டிக்கெட் விலையைப் பார்த்ததும் நெல்லை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டுவிட்டேன். படுத்தேன், விடிந்தது, ஜங்ஷன்.

வாசலிலேயே முதல் அடி. வண்ணார்பேட்டையில் லாட்ஜ். ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஆட்டோக்காரர் 250 என்றார். "அண்ணாச்சி, நான் இங்க படிச்ச ஆளு" என்றேன். "அப்பம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே சார், பெட்ரோல் என்ன வெலைன்னு" என்றார். 180-க்குப் பேசி ஏறினேன். பாலத்தைத் தாண்டி, ரவுண்டானாவைச் சுற்றி இறக்கிவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதே தூரத்துக்கு டவுன் பஸ்ஸில் ஒரு டீக்காசுகூட ஆகாது என்பது அதற்கு அப்புறம்தான் மூளைக்கு உறைத்தது. ஊர் தெரிந்தவன் என்ற திமிருக்கு நான் கட்டிய அபராதம் அது.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லையில் 'டவுன்' என்றால் பொதுவாக நகரம் என்று அர்த்தம் இல்லை. அது ஓர் இடத்தின் பெயர். நெல்லையப்பர் கோயிலும் அதைச் சுற்றிய நான்கு ரத வீதிகளும்தான் டவுன். ரயில் நிலையம் இருப்பது ஜங்ஷன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வண்ணார்பேட்டை, அதைத் தாண்டினால் பாளையங்கோட்டை. தாமிரபரணி நடுவில் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஓடத்தில்தான் கடக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார் என்ற பெரிய உத்தியோகத்தில் இருந்த சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டுப் பாலம் கட்ட, 1843-ல் திறந்தார்கள். அது இன்றும் நிற்கிறது. கூட்டம் தாங்காமல் பக்கத்திலேயே இப்போது இன்னொரு பாலமும் வந்துவிட்டது. அவர் கட்டிய பாலத்தில்தான் இன்று நெல்லையின் வியாபாரம் பாதிக்கு மேல் இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கிறது என்று தோன்றியது.

நான் படித்த காலத்தில் வண்ணார்பேட்டை என்றால் பைபாஸ் ரோடு, ஆஸ்பத்திரிகள், நாலு லாட்ஜ், பரோட்டாக் கடைகள். இப்போது செல்லபாண்டியன் சிலை ரவுண்டானாவில் நின்று சுற்றிப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது. மேலே மேம்பாலம். இரண்டு பக்கமும் அஞ்சு மாடி, ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டிடங்கள். ஜவுளி, நகை, செல்போன், மறுபடி நகை. 1924-ல் டவுனில் தொடங்கிய ஆரெம்கேவிகூட இங்கே பெரிய கடை வைத்திருக்கிறது. அதற்கு நடுவே சந்து சந்தாகச் சாப்பாட்டுக் கடைகள். குழிமந்தி, ஷவர்மா, பர்கர், 'பாரம்பரிய' என்று ஆரம்பிக்கும் பெயருள்ள நாலு கடை, கருப்பட்டிக் காபி, ஐஸ்கிரீமை ஆவி பறக்கக் கொடுக்கும் கடை.

ராத்திரி கல்லூரி நண்பன் ஒருவன் வந்து, "புதுசா ஒரு மந்திக் கடை, வா" என்று இழுத்துக்கொண்டு போனான். இனி கொஞ்ச நேரம் புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெனு கார்டு கிடையாது. மேஜையில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போனில் காட்ட வேண்டும். என் போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் கேட்டால் பாட்டில்தான். சாதாத் தண்ணி என்றதும் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். தரையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். பக்கத்து மேஜையில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கடைப் பையன்கள் நாலு பேர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து பாட்டுப் போட்டுக் கை தட்டினார்கள். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பிறந்தநாள். மூன்றுக்கும் அதே பாட்டு. சோறு பரவாயில்லை, கோழி விறகு. இரண்டு பேருக்கு 1,180 ரூபாய். இதே மந்தியை வேளச்சேரியில் சாப்பிட்டிருப்பேனே, ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, தேங்காய்ப்பால் குழம்பான நெல்லைச் சொதியை விட்டுவிட்டு இதைச் சாப்பிடவா என்று நண்பனிடம் கத்தினேன்.

அவன் கோபப்படவில்லை. "நீ மெட்ராஸ்லயிருந்து வந்து சொதி கேக்க. இங்க இருக்கவன் வீட்டுலயே சொதி திங்கான். அவனுக்கு மந்திதான் புதுசு" என்றான். அப்புறம் அவன் சொன்ன கணக்கில் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க் குடும்பங்கள், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள், அம்பை, வள்ளியூர், திருச்செந்தூர்ப் பக்கமிருந்து காரில் ஜவுளி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வந்து குவிகிறார்கள். முக்கியமான காரணம் ஒன்றே ஒன்று: காரை நிறுத்த இடம். டவுனில் சைக்கிளை நிறுத்தவே ஆள் வைக்க வேண்டும். சரி, ஒத்துக்கொண்டேன். பில்லைப் பாதியாகப் பிரித்ததை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூப்பிட்டவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்துவிட்டார். லாட்ஜுக்கு எதிரிலேயே மூன்று பெரிய கடை இருக்கிறதே, அங்கேயே எடுத்துவிடலாம் என்றேன். "ஏல, பட்டுன்னா டவுன்லதான எடுக்கணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பஸ்ஸில் போனோம், ஆட்டோப் பேச்சே எடுக்கவில்லை.

போகிற வழியில் ஜங்ஷனைப் பற்றி. இங்கே இருந்த பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக 2018 வாக்கில் மூடி இடித்தார்கள். வெளியூர் பஸ்கள் அதற்கு முன்பே, 2003-ல், வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த டவுன் பஸ் கூட்டமும் வருஷக்கணக்கில் ரோட்டோரத்தில் நின்றது. பஸ் ஏற நிற்பவன்தான் டீ குடிப்பான், வாழைப்பழம் வாங்குவான், கைக்குட்டை வாங்குவான். அவன் போனால் சுற்றியுள்ள கடைக்கெல்லாம் பட்டினி. டீ குடித்த கடைக்காரர், "பஸ் ஸ்டாண்டு தொறந்தாச்சு சார். ஆனா அதுக்குள்ள சனம் வண்ணார்பேட்டைக்குப் பழகிட்டு" என்றார். ஒரு பஸ் ஸ்டாண்டு கொஞ்ச நாள் தூங்கினால் கடைவீதி எந்தப் பக்கம் நகரும் என்பதற்கு ஜங்ஷனே சாட்சி. அல்வாக் கடைகள் மட்டும் அசையவில்லை. ஒரே பெயரை முன்னே பின்னே மாற்றி மாட்டிய போர்டுகள் அன்றைக்கும் இருந்தன, இன்றைக்கும் இருக்கின்றன. அதில் எது அசல் என்று கல்லூரியில் நாங்கள் போட்ட சண்டைக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அங்கிருந்து ஈரடுக்குப் பாலம். 1973-ல் திறந்தது. மேலே பஸ், கீழே சைக்கிளும் டூவீலரும். கல்லூரி நாட்களில் கீழ் அடுக்கில் டபுள்ஸ் போனது ஞாபகம் வந்தது. இறங்கியதும் டவுன்.

டவுன் செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வடக்கு ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. போத்தீஸ் வாசலில் வேன் வேனாக ஆட்கள் இறங்குகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு இருபது பேர், அதில் பட்டு எடுப்பவர் இரண்டு பேர், குறை சொல்பவர் பதினெட்டு பேர். சித்தி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

எழுத வேண்டியது அதற்குப் பின்னால் நடந்தது. கடைக்கு எதிரே ஒரு சந்து. அதில் ஒரு ஆள் நிற்கும் அகலத்தில், சேலை ஓரத்துக்கு ஃபால்ஸ் அடித்து பீக்கோ போடும் கடை. ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க நூல்கண்டு. நூறு நிறமாவது இருக்கும், சிவப்பு மட்டுமே ஒரு வரிசை. தைக்கிற அம்மா சேலை ஓரத்தை விரலில் சுற்றி, வாசல் வெளிச்சத்துக்கு வந்து, மூன்று சிவப்பு நூலை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துப் பார்த்தார். எனக்கு மூன்றும் ஒன்றுதான். மூன்றாவதை வைத்ததும் நூல் பட்டுக்குள் காணாமல் போனது. "இதுதான்" என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டார். பெரிய கடையால் உங்களுக்கு நஷ்டமா என்று கேட்டேன். "அவங்க அங்க சேல விக்கலேன்னா எனக்கு இங்க என்ன வேல?" என்று திருப்பிக் கேட்டார். அந்தச் சந்து முழுக்க அப்படித்தான். பிளவுஸ் தைப்பவர், கவரிங் நகை, ஜடை வில்லை, பூ கட்டுபவர், தாம்பூலப் பை அச்சடிப்பவர். பெரிய கடை ஒன்று நிற்க, அதன் நிழலில் இருபது சின்னக் கடை பிழைக்கிறது. வண்ணார்பேட்டையில் நான் பார்த்தவரை அந்த நிழல் இல்லை. கடையை விட்டு இறங்கினால் பார்க்கிங், பார்க்கிங்கை விட்டால் பைபாஸ்.

இன்னொன்று கவனித்தேன். கடைகள் இவ்வளவு பெருத்தும் ரத வீதிகள் குறுகவில்லை. காரணம் தேர். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஆட்கள் கையாலேயே இழுத்து நான்கு வீதியும் சுற்றி வர வேண்டும். அது திரும்ப முக்கில் இடம் வேண்டும். நடைபாதையைத் தின்கிற கடைகூடத் தேர் போகிற தடத்தைத் தின்னப் பயப்படுகிறது.

மத்தியானம் சாப்பாடு. சித்திக்குத் தெரிந்த ஒரு மெஸ், போர்டு பாதி அழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொதி. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும், உள்ளே முருங்கைக்காய், கேரட், உருளை. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். நெல்லைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு இது, மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காய்ப்பால் அத்தனையும் வயிற்றில் மந்தமாகக் கிடக்காமல் இருக்கத்தான் அந்த இஞ்சி. முதல் ஊற்றில் சிப்ஸை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டேன், இரண்டாம் ஊற்றில் பேச்சை நிறுத்தினேன், மூன்றாவதுக்குப் பரிமாறியவர் என்னைக் கேட்கவே இல்லை. ஆளுக்கு 140 ரூபாய். தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில், இலவசம். நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எங்க வீட்டுலயும் இன்னைக்கு அதான்" என்று பதில் வந்தது.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. திறப்பதற்கு முன்பே வரிசை. எதிரே கோயில், பக்கத்தில் மின்னும் விளக்குப் போட்ட கடைகள், நடுவில் இது மட்டும் ஒற்றை பல்பில் மங்கலாக. போர்டுகூடத் தேவைப்படாத வியாபாரம். ஊரெல்லாம் கிளை, ஃபிரான்சைஸ் என்று ஓடும்போது, சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் கடை திறந்து, விற்றதும் மூடிவிட்டுப் போவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இலைத் துண்டில் சுடச்சுடக் கொஞ்சம் வாங்கி அங்கேயே நின்று தின்றேன். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும்தான், ஆனால் தொண்டையில் இறங்குவது தெரியாது. முழங்கை வரை நெய் வழிந்தது. வீட்டுக்கு ஒரு கிலோ.

கணக்கு: போக வர ஸ்லீப்பர், ஒரு ராத்திரி லாட்ஜ், பாதி மந்தி, ஒரு சொதி, ஒரு கிலோ அல்வா, அந்த ஆட்டோ. 4,000-த்தில் 310 மிச்சம். மந்தி இல்லாவிட்டால் இன்னொரு கிலோ அல்வாவுக்குக் கிட்டத்தட்ட வழி இருந்திருக்கும் என்பதை ரயிலில் படுத்துக்கொண்டு இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: லாட்ஜை வண்ணார்பேட்டையில் போடுங்கள், சுத்தமாக இருக்கிறது. சாப்பிட மட்டும் ஆற்றைத் தாண்டுங்கள், பஸ்ஸில். அல்வாவை மேல் பெர்த்தில் வைக்காதீர்கள். கீழே படுத்திருந்த பெரியவர் தலையில் மதுரை வரும்வரை சொட்டியிருக்கிறது, திண்டுக்கல் வந்தபிறகுதான் அவர் தடவிப் பார்த்தார்.