ஃபோம் அடிக்கும் வேலையும் ராத்திரி இருமலும்

கொளுத்தும் வெயிலில் வேலை செய்கிற ஊரில் இன்சுலேஷன் எதற்கு என்று புதிதாக வரும் தம்பிகள் கேட்பார்கள். குளிரை உள்ளே பிடித்து வைக்கத்தான். ஜூரோங் மீன்பிடித் துறைமுகப் பக்கம் போனால் வரிசையாகக் குளிர்கிடங்குகள் நிற்கும். சிங்கப்பூர் சாப்பிடும் இறாலும் கோழியும் அங்கேதான் உறைந்து கிடக்கின்றன. சுவருக்குப் பெரும்பாலும் பேனல், அதாவது இன்சுலேஷன் வைத்துத் தயாராக வரும் பலகை போடுவார்கள். மூலை, வளைவு, பைப் நுழையும் ஓட்டை, பழைய கட்டடத்தின் கூரை என்று வந்தால் ஸ்ப்ரே ஃபோம்தான். அந்த வேலை நடக்கிற இடங்களில் சேஃப்டி பார்த்தவன் நான்.

இரண்டு டிரம் வரும், ஏ என்றும் பி என்றும். சூடாக்கிய ஓஸ் வழியாக இரண்டும் சரிபாதியாகப் போய், தூவும் கருவியான கன் முனையில் கலக்கின்றன. சுவரில் படும்போது தேன் நிறத்தில் ஒரு படலம், அவ்வளவுதான். மூச்சு விட்டு மூச்சு இழுப்பதற்குள் அது வெளுத்து, நுரைத்து, கைக்கடக்கமாக உப்பி நிற்கும். முதல் தடவை பார்க்கிறவன் எவனும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கைதான் பார்ப்பான். உப்பியது கெட்டியானதும் நீளமான ரம்பத்தால் மட்டமாக அறுக்க வேண்டும். அறுக்கிற ஆளை டிரிம்மர் என்போம்.

பி டிரம்மைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும். அதில் இருக்கும் அமீன் வகை ரசாயனத்தின் வேலை அது. அதன் ஆவி கண்ணில் பட்டால் விளக்கைச் சுற்றி நீலமாக மூட்டம் தெரியும், கொஞ்ச நேரத்தில் தெளியும். அதனால் எல்லோருக்கும் பி டிரம் என்றால் பயம். ஏ டிரம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டீ குடிப்பார்கள். அதில்தான் எம்டிஐ இருக்கிறது, ஐசோசயனேட் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1984இல் போபாலில் கசிந்ததும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். ஆனால் அது சட்டென்று ஆவியாகும் வகை. எம்டிஐ அப்படி எளிதில் ஆவியாகாது, டிரம்மில் சும்மா இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. சூடாக்கி, அழுத்தம் கொடுத்து, பனிபோலத் தூவும்போதுதான் நெஞ்சுக்குள் போகிற வடிவத்துக்கு வருகிறது. அதற்கு வாடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சராசரியாக 0.005 பிபிஎம் வரைதான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பின் வரம்பு. நூறு கோடிப் பங்கு காற்றில் ஐந்து பங்கு. இதை மூக்கை நம்பிக் கண்டுபிடிக்க முடியுமா?

என்னோடு இருந்த டிரிம்மர் ஒருவர், அறந்தாங்கிப் பக்கம். சிகரெட் கிடையாது, ஆஸ்துமா பரம்பரையில் கிடையாது. "பகல்ல நல்லாத்தான்ணே இருக்கேன். ராத்திரி படுத்தா நெஞ்சு விசில் அடிக்குது" என்றார். தொழிலாளர் விடுதியான டார்மில் அவர் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே. எனவே ஃபேன்தான் காரணம் என்று முடிவானது. கட்டில் மாறினார். பிறகு மெத்தைத் தூசி என்றார்கள், கேட்டரிங் சாப்பாடு என்றார்கள். கிளினிக்கில் இருமல் மருந்தும் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டும் கொடுத்தார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று அங்கே கேட்டதாக அவருக்கு நினைவில்லை.

ஐசோசயனேட் ஆஸ்துமாவின் குணமே இதுதான். வேலை இடத்திலேயே மூச்சு முட்டினால் யாருக்கும் புரிந்துவிடும். பலருக்கு அது நாலு மணி, எட்டு மணி நேரம் கழித்து வருகிறது. அதற்குள் ஆள் லாரி ஏறி, குளித்து, சாப்பிட்டுப் படுத்திருப்பார். இவருக்குத் துப்பு கிடைத்தது சீனப் புத்தாண்டு விடுமுறையில். சைட் மூடியிருந்த நாட்களில் இருமல் காணாமல் போனது, திறந்த பிறகு திரும்பி வந்தது.

இன்னொரு விஷயம் மோசமானது. சில மாதமோ சில வருடமோ ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளும். அப்புறம் வரம்புக்குக் கீழே இருக்கிற துளி அளவுகூட அவருக்கு அதிகம். அந்த வேலையிலிருந்து முழுக்க விலகுவதுதான் வழி. தோல் வழியாகப் பட்டாலும் இந்த ஒவ்வாமை தொடங்கலாம் என்கிறார்கள். எங்கள் ஆட்களோ கையில் ஒட்டியதைத் தின்னர் போட்டுத் துடைப்பார்கள். தின்னர் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரசாயனத்துக்குக் கதவைத் திறந்துவிடும். சோள எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுவது நல்லது.

மாஸ்க் கதை தனி. கன் பிடிக்கிறவருக்கு வெளியிலிருந்து காற்று வரும் ஏர்லைன் மாஸ்க், முழு உடுப்பு எல்லாம் உண்டு. வடிகட்டி டப்பா மாட்டிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் ஒரு சிக்கல், அந்த டப்பா நிரம்பிவிட்டால் வாடை காட்டிக்கொடுக்க வேண்டும், இங்கேதான் வாடையே இல்லையே. எனவே ஏர்லைன் சரிதான். ஆனால் நாலடி தள்ளி ஓஸ் இழுக்கிறவருக்கும், ஃபோம் முழுதாக இறுகும் முன்னே அறுக்கிறவருக்கும் தூசிக்குப் போடும் காகித மாஸ்க். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் கன் பிடிக்கலையே" என்றார் மேனேஜர். குளிர்கிடங்கு என்பது கதவைத் தவிர வேறு வழியில்லாத பெட்டி. அதற்குள் பனிமூட்டம் யார் கையில் கன் இருக்கிறது என்று பார்த்தா இறங்கும்?

முழுதாக இறுகிய ஃபோம் பெரிய தொந்தரவு தராது. அதைப் பற்றியும் பீதி கிளப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தீப்பிடித்தால் மட்டும் கதை வேறு, அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரும்.

வேலையால் வரும் ஆஸ்துமா இங்கே சட்டப்படி தொழில் நோய். டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்தால் முதலாளி பத்து நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், இழப்பீடும் கேட்கலாம். எல்லாம் சரி, ஆனால் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் பாக்கி இருக்கிறவன் "எனக்கு இந்த வேலை ஒத்துக்கவில்லை" என்று வாயைத் திறப்பானா? வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களோ என்றுதான் முதலில் நினைப்பான்.

அறந்தாங்கிக்காரருக்கு உதவியது ஒரு போட்டோ. ஏ டிரம் லேபிளைப் போனில் எடுத்துக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் போனார். சிவப்புக் கட்டத்துக்குள் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதப் படம், கீழே எச் 334 என்ற குறியீடு. மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும் என்று பொருள். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் பல தடவை ஊதி எழுதிவரச் சொன்னார். அந்த நோட்டைக் காட்டித்தான் பேனல் கோஷ்டிக்கு மாற்றல் வாங்கினார். டிரிம்மர் வேலைக்கு வேறு தம்பியைப் போட்டார்கள், அதே காகித மாஸ்க்கோடு. அவரிடமும் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.