பொய் சொல்லும் பூட்டு

வைகாசியில் கையில் எடுத்த ஒரு பூட்டைப் புரட்டாதியில்தான் திறந்தேன். விசுவமடுவில் அன்று மாலை இடியோடு பெய்த மழையில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. இருட்டில் செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், மேசை ஓரத்து வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) மூன்று கிழமையாகத் தொடாமல் கிடந்த அந்தப் பூட்டின் பித்தளை உருளைக்குள் மீண்டும் கம்பியை நுழைத்தேன். அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். உருளை சற்றே பின்வாங்கி, தயங்கி, பிறகு முழுவதுமாகச் சுழன்றது. வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டிருந்தனர். சொல்வதற்கு ஆளில்லாமல் அதைத் திரும்பப் பூட்டி, இன்னொரு முறை திறக்க முயன்று தோற்றுப்போனேன்.

பூட்டைத் திறப்பு இல்லாமல் திறப்பது என் பொழுதுபோக்கு. எங்கள் பேச்சில் 'திறப்பு' என்ற ஒரே சொல் கருவியையும் செயலையும் குறிப்பதால், இந்த வசனத்தை எழுதும்போதெல்லாம் சிறு சிக்கல் வருகிறது. தமிழகத்தார் சொல்லும் 'சாவி' போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அதை வாங்காமல் விட்ட நாம், அதே போர்த்துக்கேயரிடமிருந்து அலவாங்கை (கடப்பாரையை) மட்டும் தயக்கமின்றி வாங்கி வைத்திருக்கிறோம். பூட்டுகளைப் பற்றிய என் கணிப்பில் அந்த அலவாங்குக்கும் ஓர் இடம் உண்டு.

இது தொடங்கியது ஒரு றங்குப் பெட்டியில். 2009ஆம் ஆண்டு தை மாதம் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அப்பா அதைக் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தார். அந்த நாட்களில் வன்னியில் இப்படி எதையாவது புதைக்காத வீடுகள் குறைவு. பெட்டியில் தொங்கிய ஆமைப்பூட்டின் திறப்பு அம்மாவின் சேலைத் தலைப்பு முடிச்சில் இருந்தது. மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ அது தொலைந்தது. 2011இல் காணிக்குத் திரும்பி, நினைவிலிருந்த இடத்தைத் தோண்டியபோது பெட்டி கிடைத்தது. அப்பா அலவாங்கை ஓங்கவே வேண்டியிருக்கவில்லை. துருவேறிய கொண்டி, பூட்டோடு சேர்ந்து அவர் கையிலேயே கழன்று வந்தது. உள்ளே காணி உறுதியும் படங்களும் கூழாகியிருந்தன. பித்தளைப் பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது. பெட்டியைக் காக்காத அந்தப் பூட்டு தன்னைக் காத்துக்கொண்டு நின்றது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, வியப்பாகவும் இருந்தது. அதை எடுத்து லாச்சிக்குள் போட்டு வைத்தேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, இரவில் மலிவாகக் கிடைக்கும் டேட்டாவில் காணொளிகள் பார்த்துப் பழகி, அந்த ஆமைப்பூட்டை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் திறந்தேன். அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் வளையத்தை அழுத்தி மறுபடி பூட்டிவிட்டார்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆமைப்பூட்டுகளிலும் கதவுப் பூட்டுகளிலும் பெரும்பாலானவை ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. நிலையான ஒரு கூடு. அதற்குள் சுழலும் ஓர் உருளை. இரண்டையும் ஊடறுத்துத் துளைத்த ஐந்தாறு சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஓர் ஊசி, மேலே ஓர் ஊசி, அதற்கும் மேலே அமுக்கிக்கொண்டு ஒரு சுருள்வில். திறப்பு உள்ளே போகும்போது அதன் பற்கள் கீழ் ஊசிகளை உயர்த்துகின்றன. இரண்டு ஊசிகளும் பிரியும் இடம், உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டோடு எல்லாக் குழிகளிலும் ஒருசேரப் பொருந்தினால் உருளை சுழலும். பண்டை எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இந்தக் கருத்து இருந்தது. அதைக் கைக்கடக்கமான உலோக உருளையாக்கி 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல்.

ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் 7776 வெவ்வேறு திறப்புகள் வெட்டலாம். அத்தனையையும் ஒருவர் முயல்வது நடக்காத காரியம். ஆனால் எந்த ஆலையிலும் குழிகளை மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் துளைக்க முடிவதில்லை. உருளையை மெல்ல முறுக்கினால் ஐந்து ஊசிகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடிக் கண்டுபிடித்து மெதுவாக உயர்த்தினால், மேல் ஊசி கோட்டைத் தாண்டிய கணத்தில் விரலுக்கு ஒரு சிறு 'டிக்' தெரியும். உருளை மயிரளவு நகர்ந்து, அந்த மேல் ஊசி மீண்டும் கீழே விழாதபடி விளிம்பில் தாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்தது இறுகும். ஆறை ஐந்து தடவை பெருக்க வேண்டிய கணக்கு, ஆறை ஐந்து தடவை கூட்டும் கணக்காக, வெறும் முப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இந்தக் கலை முழுவதும் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. என்னுடைய முறுக்குக் கம்பி தட்டையாக அடித்த சைக்கிள் கம்பி. கொக்கிக் கம்பி, உடைந்த இரும்பு வாள் அலகை அரத்தால் தேய்த்துச் செய்தது. புதிதாகப் பழகுவோர் எல்லோரும் அளவுக்கு மிஞ்சி முறுக்குகிறார்கள். பழுத்த பப்பாசியில் தழும்பு விழாத அளவுக்கு அமுக்கினால் போதும்.

கடைகளில் வாங்கும் மலிவான பூட்டுகளில் மூன்று மாதத்தில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. அவற்றில் பல ஒரு நிமிடத்துக்குள் திறந்தன. அப்போதுதான் சுவிசில் கட்டடம் புதுப்பிக்கும் வேலை செய்யும் என் மைத்துனர், பழைய கதவுகளிலிருந்து கழற்றி எறியப்படும் உருளைகளைச் சேர்த்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். தொடக்கத்தில் சொன்னது அவற்றில் ஒன்று, ஆறு ஊசிகள் கொண்டது. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்.

அதன் மேல் ஊசிகள் நேரான தண்டுகள் அல்ல. இரு முனையும் பருத்து இடை சிறுத்த, உடுக்குப் போன்ற வடிவம் கொண்டவை. திறப்பு இருப்பவருக்கு இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. திறப்பு இல்லாதவர் உருளையை முறுக்கியபடி ஊசியை உயர்த்தும்போது, கோட்டில் உடுக்கின் இடுப்பு வந்து சிக்கிக்கொள்கிறது. உருளை நன்றாகவே சுழல்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் எல்லா ஊசிகளும் பொருந்திவிட்டதாகவே தோன்றும். திறந்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் முறுக்கினால், இடுப்பு மேலும் இறுகும். ஒரு பூட்டைக் கடினமாக்குவது அதன் பருமனோ இரும்போ அல்ல, இப்படி அது சொல்லும் பொய்தான் என்பது என் அனுபவம்.

பொய்யிலிருந்து வெளியே வர வேண்டுமானால், வென்ற இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிக்கிய ஊசியை மேலே தள்ளும்போது, அதன் பருத்த முனை வெளியேற இடம் தேடி உருளையைப் பின்னோக்கி உந்தும். அந்த உந்தலை உணர்ந்து முறுக்கைத் தளர்த்திவிட வேண்டும்; ஆனால் முற்றாக விட்டால், ஏற்கனவே பொருந்திய ஊசிகள் எல்லாம் விழுந்துவிடும். அந்த இடைவெளி மிகச் சிறியது. எந்த ஊசி எந்த வரிசையில் இறுகியது, எது பின்னுந்தியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். ஆனி மாதம் முழுவதும் நான்காவது ஊசியை விடுவிக்கும்போது இரண்டாவது விழுந்துகொண்டிருந்தது. ஆடியில் இரண்டாவதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன், ஐந்தாவது விழுந்தது. திறந்த பிறகு உருளையைக் கழற்றிப் பார்த்தேன். ஆறில் நான்கு உடுக்குகள்.

நான்கு மாதம் என்பது வெட்கப்பட வேண்டிய காலமோ என்று நினைத்தபோது, லண்டன் பிக்கடிலியில் பூட்டுச் செய்பவரான ஜோசப் பிராமாவின் கடைச் சாளரத்தில் 1790 முதல் வைக்கப்பட்டிருந்த பூட்டை நினைத்துக்கொண்டேன். அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்று எழுதியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் முடியவில்லை. 1851இல், பெருங்கண்காட்சிக்காக வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளரான ஹொப்ஸ் முதலில் சப் என்ற பூட்டு நிறுவனத்தின் பெயர்பெற்ற பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். 1818இல் உருவான அந்தப் பூட்டில், ஊசிகளுக்குப் பதிலாக நெம்புகள் என்ற தகடுகள் இருந்தன; யாராவது கள்ளமாக ஒரு நெம்பைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் அது பிடிபட்டு நின்றுவிடும். உரியவர் திறப்பைப் போடும்போது, தன்னை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். காவலுக்கு வைத்த அந்த ஏற்பாடே, எந்த நெம்பு எவ்வளவு உயர வேண்டும் என்பதை ஹொப்ஸுக்குச் சொல்லிவிட்டது. பிராமாவின் பூட்டு அவரிடமிருந்து 16 நாட்களில் பரவிய 51 மணித்தியாலங்களை வாங்கியது. 25 நிமிடத்தை எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். என்னைக் கவர்வது அந்தப் பதினாறு நாட்கள்தான்.

ஊருக்குள் இதற்குப் பெயர் வேறு. "உந்த வேலையைப் படிச்சு என்ன செய்யப் போறாய் தம்பி? ஊரிலை ஒரு களவு போனால் முதல்லை உன்னைத்தான் கேப்பினம்" என்று பக்கத்து வளவு மாமி சொன்னா. சொன்னபடியே நடந்தது. சந்தியிலிருந்த ஒரு கடை உடைபட்ட மறுநாள் இரண்டு பேர் என்னிடம் வந்து சும்மா கதைப்பதுபோலக் கதைத்துவிட்டுப் போனார்கள். கள்ளர் கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். முன்கதவுப் பூட்டைத் தொடவே இல்லை. நான்கு மாதம் குந்தியிருந்து கம்பியால் தடவும் கள்ளன் எங்கும் இல்லை. அவனிடம் அலவாங்கு இருக்கிறது. பெரிய பூட்டு வாங்கி, அதை அரை அங்குலத் திருகாணியால் உளுத்த கதவுநிலையில் பிடித்த கொண்டியில் தொங்கவிடும் வீடுகளைப் பார்க்கும்போது, பூட்டுக்குக் கொடுத்த காசில் பாதியைக் கொண்டிக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

ஆயினும் இந்தப் பொழுதுபோக்கை உலகெங்கும் கைக்கொள்வோரிடையே உள்ள இரண்டு விதிகளை நானும் மீறுவதில்லை: எனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடுவதில்லை, சொந்தமானாலும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகுவதில்லை, ஏனென்றால் ஊசி தேய்ந்தோ வில் வளைந்தோ போனால் வீட்டாரே வெளியில் நிற்க நேரும். கருவிகள் என் வளவைத் தாண்டுவதில்லை. மாமியின் அலுமாரித் திறப்பு தொலைந்தபோதுகூட, புதுத் திறப்பு வெட்டித் தருபவரிடம்தான் அனுப்பினேன். இலவசமாக ஓர் அறிவுரை மட்டும் சொன்னேன்: பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பரந்தன் வீதிப் புழுதியோடு அது சேர்ந்தால் களியாகி ஊசிகளைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் தடவிப் போட்டால் போதும்.

இப்போது வைஸில் இருப்பது மைத்துனர் அனுப்பிய இன்னொன்று. இதில் ஊசியும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. பின்லாந்தின் எமில் ஹென்றிக்சன் 1907இல் கண்டுபிடித்து, பின்னர் அப்லோய் என்ற பெயரில் உலகறிந்த வகை. உள்ளே அடுக்கடுக்காக வட்டுகள். ஒவ்வொன்றும் தனக்கு உரிய கோணத்துக்குத் திரும்பி, அவற்றின் வெட்டுகள் ஒரே வரிசைக்கு வந்தால்தான் பக்கத்திலிருக்கும் ஒரு சிறு சட்டம் உள்ளே விழுந்து பூட்டை விடுவிக்கும். அமுக்கி நிற்கும் வில் இல்லாததால் புழுதியும் துருவும் இதை எளிதில் கெடுப்பதில்லை. எங்கள் பக்கத்துக்கென்றே செய்தது போலிருக்கிறது, விலையைத் தவிர. வட்டுகளை உயர்த்த முடியாது, திருப்பத்தான் வேண்டும். அதற்கு, முன்பக்க வட்டைப் பிடித்து முறுக்கும் ஒரு குழாயும், அதன் நடுவே தனியாகச் சுழன்று பின்வட்டுகளைத் தொடும் ஒரு கம்பியும் வேண்டும். குடைக்கம்பியில் செய்த முதலாவது மூன்றாம் வட்டிலேயே முறுகிப்போனது. சைக்கிள் கம்பியில் செய்தது ஐந்தாம் வட்டு வரை போய் வளைந்தது. கிளிநொச்சியில் பழைய இரும்பு எடுப்பவரிடம், தடித்த இரும்பு வாள் அலகுகள் வந்தால் எறியாமல் வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.