கொசுவைத் தின்ன வந்த செடியும் கொத்தமல்லி ரசமும்

நர்சரியில கூடையில தொங்குற, இலை நுனிக் குடுவையில பூச்சியைப் பிடிச்சுத் தின்னுற குடுவைச் செடியை, பெரும்பாலும் வென்ட்ராட்டா ரகம், வாங்கிட்டு வர்ற எல்லாருக்கும் ஒரே கணக்குதான்: இனி வீட்டுல கொசு இருக்காது. இருக்கும். இதுக்கு முக்கியச் சாப்பாடு எறும்பு. காட்டுல சில வகைக் கொசுக்கள் அந்தக் குடுவைத் தண்ணியிலேயே முட்டை போட்டுக் குடும்பம் நடத்தும்.

வந்த அன்னைக்கே விருந்து ஆரம்பமாயிடும். பாட்டி பாவம் பார்த்து ஒரு கரண்டி ரசம் ஊத்துவாங்க, பேரன் செத்த கரப்பானைப் போடுவான். பெருசா எது விழுந்தாலும் செரிக்கறதுக்குள்ள அழுகி, குடுவை அடியிலிருந்து கறுத்துடும். மாசத்துக்கு ரெண்டு எறும்பு போதும். அதுவும் இல்லன்னா பட்டினியில சாகாது, வெயில்ல சாப்பாடு தயாரிக்க இலை இருக்கே.

சாகறது தண்ணியாலதான். பூச்சியைப் பத்தி மூணு மணி நேரம் பேசுறவங்க போர் தண்ணியை ஊத்திட்டுப் போயிடுவாங்க. டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, 50-க்குள்ள இருக்கணும். மழைத்தண்ணி உத்தமம். ஆர்ஓ தண்ணின்னா மீட்டர் வெச்சுப் பாருங்க; சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணியைக் கலந்து விடுற மெஷின்கள் நிறைய. ஏசியில சொட்டுறதும் சரிதான், சர்வீஸ் பண்ணின வாரம் மட்டும் வேண்டாம். தோட்டமண், மண்புழு உரம் ரெண்டும் வேரைக் கருக்கும். அதுக்குப் பதிலா ஸ்பேக்னம்ங்கற காய்ஞ்ச பாசியும், பெர்லைட்ங்கற லேசான வெள்ளைக் கல்மணியும் சரிபாதி. தேங்காய் நார்த்தூள்னா, வழியற தண்ணியிலயும் டிடிஎஸ் இறங்கற வரைக்கும் அலசணும். ஈரம் காயக்கூடாது, ஆனா தட்டுல தண்ணி தேக்கவும் கூடாது.

இலை நல்லா வருது, குடுவை வரலையா? வெளிச்சமோ காத்துல ஈரமோ பத்தல. காலை வெயில் மூணு மணி நேரம் படட்டும். இலை நுனிக் கொடியில முதல்ல மிளகு அளவு முடிச்சு தெரியும், மெதுவா மேல் நோக்கி வளைஞ்சு உப்பும். மூடி தானா திறக்கணும். நகத்தால நெம்பிப் பார்க்கற ஆள் எல்லா வீட்டுலயும் ஒருத்தர் உண்டு, அவர் கைக்கு எட்டாத உயரத்துல மாட்டுங்க.

இவ்வளவும் செஞ்சா ஒருநாள் இலைக் கக்கத்துல வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். மாவுப்பூச்சி. பூச்சி தின்னிச் செடியைப் பூச்சி தின்னுது! ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச இயர்பட்ஸால ஒவ்வொண்ணா துடைக்கணும். பக்கத்துல எறும்பு வரிசை போகும்; விருந்தாளி வந்தாச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. அதுல ஒண்ணு ரெண்டு குடுவைக்குள்ள விழும், மிச்சம் வந்திருக்கறது மாவுப்பூச்சிக்குக் காவல் காக்க.